ஊழியர்களை சைக்கிளில் வரவைக்க கம்பெனி என்ன செய்யலாம்? அம்பத்தூர் எஸ்டேட் நண்பர்கள் யோசனை சொல்லுங்கள்

பட்டரவாக்கம் வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் நடுத்தரக் கம்பெனி ஒன்றில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். நிரந்தரம், கான்ட்ராக்ட், டிரெய்னி எல்லாம் சேர்த்து முந்நூறு பேருக்கு மேல். பைக் ஸ்டாண்டில் இடமே இல்லை. கேட்டுக்கு வெளியே ரோட்டோரமாக நிறுத்துகிறார்கள், சரக்கு லாரி உள்ளே திரும்ப முடியாமல் நிற்கிறது. இதைப் பார்த்துவிட்டு, கிட்டத்தில் குடியிருப்பவர்களை சைக்கிளில் வரச் செய்ய ஒரு திட்டம் எழுதிக் கொடுக்கும்படி மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் வந்த யோசனை மாதத்தில் ஒரு நாள் சைக்கிள் தினம். டி-ஷர்ட், கேட் முன்னால் போட்டோ, சிற்றுண்டி. அதனால் மறுநாள் ஒரு பைக்கூடக் குறையாது என்று சொன்னேன். சரி, அப்படியென்றால் நீங்களே ஒன்று எழுதிக் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

பதிவேட்டிலிருந்து முகவரிகளை எடுத்துப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல் ஆறு கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள். கொரட்டூர், பாடி, மண்ணூர்பேட்டை, கள்ளிக்குப்பம், முகப்பேர் மேற்கு. நிதானமாக மிதித்தாலே மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் போகலாம். ஐந்து கிலோமீட்டருக்கு இருபது நிமிடம். காலை நெரிசலில் எம்.டி.எச். ரோட்டில் பைக்கில் வந்தாலும் பெரிதாக நேரம் மிச்சமாவதில்லை.

அப்புறம்தான் முக்கியமான விஷயம் கண்ணில் பட்டது. எங்கள் கம்பெனிக்கு ஏற்கெனவே சைக்கிளில் வருபவர்கள் இருக்கிறார்கள். கேன்டீனில் பாத்திரம் கழுவுபவர்கள், ஹவுஸ்கீப்பிங் அம்மாக்கள் சிலர், லோடு ஏற்றும் ஆட்கள், வடமாநிலத்துப் பையன்கள். அவர்களுடைய சைக்கிள்கள் ஸ்க்ராப் யார்டுக்குப் பின்னால், காம்பவுண்டு சுவரில் சாய்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளுக்கு மட்டும்தான் ஸ்டாண்ட். ஸ்டிக்கரோ பைக்குக்கும் காருக்கும்தான். வெயிலில் சீட்டின் ரெக்ஸின் வெடித்துப் பஞ்சு தெரிகிறது. மழை வந்தால் நனையாமல் இருக்க அதன்மேல் பாலித்தீன் பை கட்டியிருக்கிறார்கள்.

பைக்கில் வருபவர் இதைத் தினமும் பார்க்கிறார். சைக்கிளுக்கு மாறினால் தன் வண்டிக்கும் அந்த இடம்தான் என்று அவருக்குத் தெரியும். ஆகவே புதிதாக யாரையும் அழைப்பதற்கு முன்னால், இப்போதே மிதித்து வருபவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். மேலிடத்தில் இதை எப்படிச் சொல்வது, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பது சரிவருமா, வழியில் அடிபட்டால் கம்பெனியின் பொறுப்பு என்ன, பெண்களுக்கு என்னென்ன வேண்டும் என்றெல்லாம் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

கொரட்டூர் ஏரி

நானும் எஸ்டேட்டில்தான் வேலை, டிசைன் பிரிவு. பல வருடமாக சைக்கிள்தான்.

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். நிழல் உள்ள ஸ்டாண்ட் முதல் வேலை. அது கேட்டுக்குப் பக்கத்தில், செக்யூரிட்டி கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். மேலே ஷீட், கீழே சிமென்ட் தரை, பூட்டுப் போட்டு மாட்ட வளைத்துப் பதித்த இரும்புக் குழாய். சக்கரத்தை மட்டும் செருகி நிறுத்தும் கம்பிச் சட்டம் வேண்டாம், யாராவது இடித்தால் ரிம் வளைந்துவிடும். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். இடம் போதவில்லை என்று கவலைப்படும் மேலிடத்துக்கு இந்தக் கணக்கு புரியும்.

அடுத்தது வியர்வை. ஷவர் ரூம் கட்ட எஸ்டிமேட் போட்டால் திட்டம் அங்கேயே நின்றுவிடும். ஒரு குழாய், ஒரு பக்கெட், தாழ்ப்பாள் உள்ள கதவு, சட்டை மாட்ட நான்கு கொக்கி இருந்தால் போதும். வந்தவர் முகம் கழுவி, உடம்பைத் துடைத்து, சட்டை மாற்றிக்கொள்வார். அதற்கு நேரம் வேண்டும். கேட்டில் சைக்கிள் பதிவானதிலிருந்து பஞ்ச் அடிக்கப் பத்து நிமிடம் தளர்வு கொடுங்கள். என் கம்பெனியில் நாங்கள் கேட்டு வாங்கியது அது ஒன்றைத்தான். அதற்குப் பிறகுதான் பக்கத்து சீட்காரர் ஒருவர் சைக்கிள் வாங்கினார்.

வழியைப் பற்றி. மொபைலில் மேப் காட்டுவது பைக்குக்கான வழி. எந்தத் தெருவில் மேன்ஹோல் மூடி உள்வாங்கிக் கிடக்கிறது, எந்தக் கம்பெனி வாசலில் எட்டு மணிக்கு டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்கும், எங்கே நாய் துரத்தும் என்பதெல்லாம் மிதித்து வருபவருக்குத்தான் தெரியும். உங்கள் கேன்டீன் ஆட்களைக் கேளுங்கள், எம்.டி.எச். ரோட்டைத் தொடாமல் வரும் வழிகளைச் சொல்வார்கள். புதிதாக மாறுபவருடன் முதல் வாரம் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் சேர்ந்து வந்தால் பாதி பயம் போய்விடும்.

மண்ணூர்பேட்டைக்காரன்

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் அப்பா இதே எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். முப்பது வருடம் சைக்கிளில் போய் வந்தார். நான் டியூ கட்டி பைக் வாங்கிய அன்று அவர்தான் முதலில் பின்னால் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அது ஒரு படி மேலே ஏறியதுபோல. இப்போது மானேஜர் காரில் வந்து இறங்கி, நீ சைக்கிளில் வா, உடம்புக்கு நல்லது என்றால் எப்படி இருக்கும்? வேகாத வெயிலில் எட்டு மணி நேரம் நின்று மெஷின் ஓட்டுபவருக்கு உடற்பயிற்சி தேவையா?

ரோட்டையும் பாருங்கள். பாடி மேம்பாலத்திலிருந்து இந்தப் பக்கம் லாரி, டேங்கர், கன்டெய்னர். ரோட்டோரம் முழுக்க மண். அந்த மண்ணில் சைக்கிள் வழுக்கினால் பின்னால் வருபவனால் பிரேக் பிடிக்க முடியாது. ரோட்டைச் சரி செய்யாமல் ஆளைக் கூப்பிடுவது நியாயமில்லை.

ஷிஃப்ட் விஷயமும் இருக்கிறது. முதல் ஷிஃப்ட் ஆறு முதல் இரண்டு. அவர் வீட்டுக்குப் போவது மே மாதம் இரண்டு மணி வெயிலில். இரண்டாவது ஷிஃப்டுக்கு வருபவரும் அதே வெயிலில்தான் வர வேண்டும். கத்திரி வெயிலில் மிதிக்கச் சொல்லி மயக்கம் போட்டால் யார் பதில் சொல்வது?

பட்டரவாக்கம் வாசி

அண்ணே, நீங்கள் சொன்னதில் ஒன்றைக்கூட ஒதுக்க முடியாது. மானேஜர் விஷயத்தை நானும் யோசித்தேன். முகவரிப் பட்டியலில் ஆறு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களில் இரண்டு துறைத் தலைவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் பேசப்போகிறேன். அவர்கள் வராமல் கீழே யாரையும் கேட்கும் தகுதி எங்களுக்கு இல்லை.

ஷிஃப்ட் விஷயம் என் தாளில் இல்லவே இல்லை, சேர்க்கிறேன். ஜெனரல் ஷிஃப்ட் ஆட்களை வைத்துத் தொடங்கலாம். கத்திரி நாட்களும் ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களும் கணக்கில் சேராது. மாதத்தில் பாதி நாள் வந்தாலே முழுச் சலுகை என்று வைத்தால் யாரும் மழையில் பிடிவாதமாக மிதித்து வர மாட்டார்கள். கம்பெனி பஸ் அப்படியே ஓடும்.

திருவெறும்பூர் பெரியவர்

தம்பிமார்களுக்கு வணக்கம். திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் சங்கு ஊதினால் கேட்டிலிருந்து சைக்கிள்தான் வரும். டவுன்ஷிப் ரோடு அகலம், இரண்டு பக்கமும் மரம். ஃபோர்மேனும் சைக்கிள், கலாசியும் சைக்கிள். மண்ணூர்பேட்டைத் தம்பி சொன்ன மரியாதைக் குறைவு அங்கே இல்லாததற்குக் காரணம், மேலே இருப்பவரும் அதில்தான் வந்தார்.

சைக்கிளுக்கு வேலை கொடுப்பவர் பணம் கொடுப்பது ஏதோ வெளிநாட்டுப் புதுமை என்று நினைக்க வேண்டாம். அரசு ஊழியருக்கு சைக்கிள் வாங்க வட்டியில்லா முன்பணம் இருந்தது, மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2016இல் மத்திய அரசு பழைய முன்பணங்கள் பலவற்றை நிறுத்தியபோது அதுவும் நின்றது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கார் வாங்கும் அதிகாரிக்கு வங்கி ஓடி வந்து கடன் கொடுக்கும். சைக்கிள் வாங்குபவருக்கு அந்தச் சிறு தொகையைக் கொடுக்க ஆள் கிடையாது.

இன்னொன்று இன்றும் இருக்கிறது. தபால்காரருக்கும் ரயில்வே டிராக்மேனுக்கும் சைக்கிள் பராமரிப்புப் படி உண்டு. அதையும் எடுத்துவிடலாம் என்று ஊதியக் குழு சொன்னது. அரசு எடுக்கவில்லை, 2017இல் மாதம் 90 ரூபாயாக இருந்ததை 180 ஆக்கியது. தொகை சிறியதுதான். ஆனாலும் சைக்கிளை வேலைக்கான கருவியாக ஒப்புக்கொண்டு கொடுக்கும் பணம் அது. உங்கள் மேலிடத்தில் முன்மாதிரி எங்கே என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

வட்டியில்லா முன்பணத்தை உங்கள் கம்பெனி தாராளமாகச் செய்யலாம். எட்டாயிரம் ரூபாயைப் பத்து மாதத்தில் பிடித்தால் யாருக்கும் பாரமில்லை.

ஐந்தோவன் தமிழன்

நெதர்லாந்தில் இருக்கிறேன். தினமும் சைக்கிளில்தான் ஆபீஸ், மகளைப் பள்ளியில் விடுவதும் அதில்தான். இங்கே நம் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான். ஊரில் பைக்கை விட்டு இறங்காதவர்கள் இங்கே வந்த முதல் மாதமே பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிடுகிறார்கள்.

கிலோமீட்டர் பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கே வேலைக்குப் போய்வரும் செலவாகக் கிலோமீட்டருக்கு 0.23 யூரோ வரை வரியில்லாமல் கம்பெனி கொடுக்கலாம், 2024 முதல் இந்த அளவு. எந்த வண்டியில் வந்தாலும் ஒன்றுதான். சைக்கிளில் வருபவருக்குப் பெட்ரோல் செலவு இல்லாததால் அது அப்படியே கையில் நிற்கும். பக்கத்து நாடான பெல்ஜியத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே பல துறைகளில் ஏற்கெனவே சைக்கிள் படி இருந்தது. அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லாத தனியார் ஊழியர்களுக்கும் 2023 மே 1 முதல் கிலோமீட்டருக்கு 0.27 யூரோ கட்டாயம் என்று ஆக்கினார்கள். பிரிட்டனில் வேறு வழி: 1999 நிதிச் சட்டத்திலிருந்து, கம்பெனியே சைக்கிளை வாங்கி ஊழியருக்கு வாடகைக்குக் கொடுத்து, வரி பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் திட்டம் நடக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே யாரும் அந்தப் பணத்துக்காக மிதிப்பதில்லை. தனிப் பாதை இருக்கிறது, சிக்னலில் சைக்கிளுக்கென்று தனி விளக்கு இருக்கிறது. அதனால் மிதிக்கிறார்கள். பாதை இல்லாத ஊரில் பணம் எவ்வளவு தூரம் உதவும் என்பதில் மண்ணூர்பேட்டை நண்பர் பக்கம்தான் நானும்.

கொரட்டூர் ஏரி

பாதை வேண்டும், மறுக்கவில்லை. சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான கொள்கையை 2014இலேயே ஏற்றுக்கொண்டது. அம்பத்தூரும் அப்போதே மாநகராட்சிக்குள்தான் இருந்தது. பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கினார்கள், எஸ்டேட் பக்கம் எதுவும் வரவில்லை. அது வரும்வரை இப்போதே மிதிப்பவர்களை அப்படியே விட்டுவிட வேண்டுமா? சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) 2008ஆம் ஆண்டு ஆய்வில் சென்னையின் மொத்தப் பயணங்களில் சைக்கிள் 6 விழுக்காடு, பைக், ஸ்கூட்டர் 25 விழுக்காடு. அந்த ஆறு பேரும் பாதை இருந்ததால் மிதிக்கவில்லை, வேறு வழி இல்லாததால் மிதித்தார்கள்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களிடம் மரண அபாயம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. அங்கே கத்திரி வெயிலும் கன்டெய்னர் புகையும் இந்த அளவுக்கு இல்லை, அதனால் இங்கேயும் அதே எண் வரும் என்று சொல்ல மாட்டேன். லேத்தில் நிற்பவருக்கும் இது தேவையில்லாமல் இருக்கலாம். நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் எங்களுக்கு நிச்சயம் வேண்டும். அதனால் திட்டம் ஆபீஸ் ஆட்களைக் குறிவைக்கட்டும், வசதி எல்லோருக்கும் கிடைக்கட்டும்.

லேபர் லா

விபத்துப் பொறுப்பு பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்தில் 2010இல் சேர்த்த 51-இ பிரிவைப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதோ வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ நடக்கும் விபத்து, நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு தொடர்புடையவை என்று நிறுவினால், பணியின்போது ஏற்பட்ட காயமாகவே கருதப்படும். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. பைக்கா சைக்கிளா நடையா என்ற வேறுபாடு இல்லை. ஆகவே சைக்கிளை ஊக்குவித்தால் புதிய பொறுப்பு வந்துவிடும் என்று கணக்குப் பிரிவில் பயந்தால் இதைக் காட்டுங்கள். பைக்கில் வருபவருக்கு இன்று என்ன பொறுப்போ அதேதான்.

இங்கே கேட் பதிவு மிகவும் முக்கியம். இத்தனை மணிக்கு சைக்கிளில் வெளியே போனார் என்று எழுத்தில் இருந்தால் அந்தத் தொடர்பை நிறுவுவது சுலபம். பல வழக்குகள் இழுப்பது அப்படிப் பதிவு இல்லாததால்தான்.

21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. வரம்பில் வரமாட்டார்கள். அவர்களுக்கு குழு விபத்துக் காப்பீடு எடுங்கள், பிரீமியம் கம்மிதான். வண்டி மோதியிருந்தால் அந்த வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம். மோதிவிட்டு நிற்காமல் போய் வண்டி எதுவென்றே தெரியாத சம்பவங்களில் அரசுத் திட்டத்தில் இழப்பீடு உண்டு: 2022 ஏப்ரல் முதல் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். இதைச் சைக்கிளில் வரும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. நோட்டீஸ் போர்டில் தமிழிலும் ஹிந்தியிலும் ஒட்டுங்கள்.

முகப்பேர் மல்லி

பெண்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களே, குவாலிட்டி பிரிவில் இருக்கும் நான் சொல்கிறேன்.

உடை மாற்றும் அறை பெண்களுக்குத் தனியாக வேண்டும். பாத்ரூமுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளச் சொன்னால் ஈரத்தரையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. இதைக் கம்பெனிகளில் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை, பெண்கள் சைக்கிளை விட்டதற்கு இது பெரிய காரணம்.

சைக்கிள் தாழ்வான ஃப்ரேமாக இருக்க வேண்டும். பின்சக்கரத்தில் சேலைத் தடுப்பு, செயினுக்கு முழு மூடி. துப்பட்டா சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கடையில் இப்போது அடுக்கி வைத்திருக்கும் மாடல்களில் பாதிக்கு இந்த இரண்டும் கிடையாது.

இருட்டும் ஒரு பிரச்சினை. ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து ஓவர்டைம் பார்த்துக் கிளம்பும்போது உள் தெருக்களில் இரண்டு கம்பெனி காம்பவுண்டுக்கு நடுவே விளக்கே இல்லாத இடங்கள் இருக்கின்றன. பெரிய ரோட்டைத் தவிர்க்கச் சொல்கிறீர்கள், கொரட்டூர் சார். எங்களுக்கு அந்தக் காலியான உள் தெருவைவிட லாரி ஓடும் பெரிய ரோடே பத்திரமாகத் தெரியும். சுவருக்கு வெளியே பார்த்து ஒரு விளக்கு போட ஒவ்வொரு கம்பெனிக்கும் என்ன செலவாகிவிடும்? உங்கள் எஸ்டேட் சங்கத்தில் இதைக் கேளுங்கள். ஓவர்டைம் நாளில் சைக்கிளை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு கம்பெனி வண்டியில் வீட்டுக்குப் போக அனுமதி வேண்டும். இவ்வளவும் இருந்தால் நானே வருவேன்.

புதுகை மண்

மல்லி அக்கா சொன்னதைப் படித்ததும் எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். என் அம்மாவும் அத்தையும் அந்தக் கூட்டத்தில் கற்றவர்கள். கற்றுக்கொடுத்ததோடு நிற்கவில்லை, சைக்கிள் வாங்கக் கடனும் ஏற்பாடு செய்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வேலைக்குப் போனார்கள், தண்ணீர் கொண்டு வந்தார்கள், காய்கறி விற்றார்கள்.

ஓட்டத் தெரியாத பெண்கள் உங்கள் கம்பெனியில் இருப்பார்கள். கேட்க வெட்கப்படுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலி கிரவுண்டில் பெண்களே பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்

எல்லோரும் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவிலான பயணத்தையே பேசுகிறீர்கள். பகலில் எஸ்டேட்டுக்குள் நடக்கும் போக்குவரத்தை விட்டுவிட்டீர்கள். அங்கேதான் சைக்கிள் சுலபமாக ஜெயிக்கும்.

எங்கள் வேலையில் தினமும் ஜாப்வொர்க் கடைக்குப் போக வேண்டும். பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட், டூல் ரூம், பேங்க், கூரியர். பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டர். அதற்கு ஒருவர் பைக்கை வெளியே எடுக்க நெரிசலான ஸ்டாண்டில் நான்கு வண்டியை நகர்த்த வேண்டும். நாங்கள் கம்பெனி பெயரில் சில சைக்கிள்கள் வாங்கி கேட்டில் வைத்தோம். சாவி செக்யூரிட்டி ரூம் ஆணியில் எண்ணோடு தொங்கும். அவுட்பாஸ் எழுதும் அதே நோட்டில் சைக்கிள் எண்ணையும் எழுதிவிட்டு எடுக்கலாம். பின்னால் கேரியரில் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றை நட்டு போட்டு முடுக்கிவிட்டோம். சாம்பிள் பீஸ், டிராயிங் ரோல், டெலிவரி சலான் எல்லாம் அதில் வைக்கலாம். கிரேட் வந்த பிறகுதான் எல்லோரும் எடுக்க ஆரம்பித்தார்கள், அதுவரை கையில் பையைப் பிடித்துக்கொண்டு ஓட்ட யாருக்கும் பிடிக்கவில்லை.

கன்வேயன்ஸ் பில்லையும் மாற்றுங்கள். பைக்கில் போனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பில் போடலாம், சொந்த சைக்கிளில் போனால் ஒன்றும் கிடையாது என்பதுதான் பல இடங்களில் விதி. பிரிட்டனில் அலுவலக வேலையாகச் சொந்த சைக்கிளில் போனால் மைலுக்கு 20 பென்ஸ் வரை வரியில்லாமல் கொடுக்கலாம். நம் பில் படிவத்தில் சைக்கிள் என்று ஒரு கட்டம்கூட இல்லை.

ஓ.டி. சைக்கிள் கடை

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

வேலைக்கு மிதிக்க வருபவர்கள் கடைக்குள் நுழைந்ததும் தடிமனான டயர், முன்னால் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் போட்ட வண்டியைத்தான் கேட்கிறார்கள். மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, எடை அதிகம். முதல் மழையில் முதுகு முழுக்கச் சேறு. மூன்றாம் மாதம் வண்டி பால்கனிக்குப் போய்விடும். ஐந்தாறு கிலோமீட்டருக்கு கியர் இல்லாத சாதாரண வண்டி போதும். மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்ட், பெல் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 விழுக்காடு ஆனதில் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அம்பத்தூரிலேயே சைக்கிள் தயாரித்த ஊர் இது, ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பஞ்சமே இல்லை.

மிதிக்க முடியவில்லை, கால் வலிக்கிறது என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காற்றுதான் குறை. டயரின் பக்கவாட்டில் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அச்சிட்டிருக்கும், யாரும் பார்ப்பதில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் டயர் கல் மாதிரி இருக்க வேண்டும். இரண்டாவது, சீட் உயரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நீட்டி இருக்க வேண்டும். நம் ஆட்கள் தரையில் இரண்டு பாதமும் பட வேண்டும் என்று சீட்டை இறக்கிவிடுகிறார்கள், முட்டி போய்விடுகிறது. இந்த இரண்டையும் சரி செய்து அனுப்பினால் வேறு சைக்கிள் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதனால் கம்பெனி செய்ய வேண்டியது, கேட்டில் ஒரு நல்ல காற்றுப் பம்ப், பஞ்சர் கிட், செயின் ஆயில். மாதம் ஒரு முறை என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிட்டு ஸ்டாண்டிலேயே எல்லா வண்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் கட்டை, டியூப், லைட் எல்லாம் அங்கேயே மாற்றிவிடலாம்.

மண்ணூர்பேட்டைக்காரன்

படிக்கப் படிக்க, திட்டம் என்று வருவதைவிட வசதி என்று வந்தால் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஒரே ஒரு கேள்வி. கிலோமீட்டர் பணம் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு உண்டா? அவர்களுக்குச் சம்பளம் கான்ட்ராக்டர் கையால் போகிறது. நீங்கள் தலைக்கு அறுநூறு கொடுத்தால் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா? அவர்களுக்கு இல்லாமல் ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் கொடுத்தால், இத்தனை வருடம் ஸ்க்ராப் யார்டு பின்னால் நிறுத்தியவருக்கு ஒன்றுமில்லை, நேற்று சைக்கிள் வாங்கியவருக்குப் பரிசு என்று ஆகிவிடும்.

பட்டரவாக்கம் வாசி

இந்தக் கேள்வியில்தான் என் தாள் மொத்தமும் மாறியது. எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு எழுதியிருப்பது இது.

கிலோமீட்டர் பணத்தை முதல் வருடம் எடுத்துவிட்டேன். பைக்கில் பெட்ரோலுக்கே கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் ஆகிறது, அதனால் மாறுபவருக்கு மிச்சம் எப்படியும் உண்டு. அந்தத் தொகையை எல்லோர் கைக்கும் நேரடியாகப் போகும் பொருளாகக் கொடுக்கிறோம். கேட்டுக்குப் பக்கத்தில் ஷெட். இப்போது இரண்டு டைரக்டர் கார் நிற்கும் இடம் அது, அதைத்தான் கேட்டிருக்கிறேன். நிரந்தரம், கான்ட்ராக்ட் என்ற பேதமில்லாமல் சைக்கிளுக்கும் ஸ்டிக்கர். மாதாந்திர சர்வீஸ், டியூப், பிரேக் கட்டை, முன்னும் பின்னும் லைட், ஒளிரும் மேலங்கி எல்லாம் கம்பெனி செலவு. சைக்கிளோடு கேட்டில் பதிவானவர் யாராக இருந்தாலும் கிடைக்கும், கான்ட்ராக்டர் நடுவில் வரமாட்டார். நிரந்தர ஊழியருக்கு வட்டியில்லா முன்பணம். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று இன்னும் பிடிபடவில்லை, யாராவது செய்திருந்தால் எழுதுங்கள்.

பெண்களுக்கு உடை மாற்றும் அறை, ஓவர்டைம் நாளில் வண்டி, ஞாயிறு பயிற்சி. பகல் வேலைக்கு கிரேட் வைத்த சைக்கிள் நான்கு, கன்வேயன்ஸ் படிவத்தில் ஒரு கட்டம். சைக்கிள் தினம், போட்டோ எதுவும் கிடையாது.

நேற்று கேன்டீன் அம்மா ஒருவரிடம் புது ஷெட் எங்கே வேண்டும் என்று கேட்டேன். எங்கே என்பதை விடுங்கள், காலை ஐந்தரை மணிக்கு நான் வரும்போது சின்ன கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், பெரிய கேட் திறக்கும்வரை ரோட்டில் நிற்கிறேன் என்றார். அதைச் செய்ய யாரையும் கேட்க வேண்டியதில்லை, இன்றே செக்யூரிட்டிக்குச் சொல்லிவிட்டேன்.

முகப்பேர் மல்லி

நல்லது சார். விளக்கு விஷயம் உங்கள் தாளில் இல்லையே?

பட்டரவாக்கம் வாசி

விட்டுப்போகவில்லை மேடம், அது எங்கள் சுவருக்கு வெளியே என்பதால் தனிக் கடிதம். எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கத்துக்கு ஒன்று, மாநகராட்சி மண்டலம் 7 அலுவலகத்துக்கு ஒன்று. எந்தெந்த இரண்டு கம்பெனிக்கு நடுவே இருட்டு என்று நீங்கள் தெருப் பெயரோடு எழுதி அனுப்பினால் அப்படியே இணைக்கிறேன். எங்கள் பின்பக்கச் சுவரில் இரண்டு விளக்குக்கு மெயின்டனன்ஸில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

மண்ணூர்பேட்டைக்காரன்

ரோட்டோர மண்ணையும் அதே கடிதத்தில் போடுங்கள். பாடி பக்கம் எந்தெந்த இடம் என்று நான் போட்டோ எடுத்துத் தருகிறேன்.